வில்லங்கச் சான்று சொல்லாத வில்லங்கம்

"சார், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. நீங்கள் ஒரு கருத்துரை எழுதிக் கொடுத்தால் போதும்."

பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி என் மேசையில் வைத்த கோப்பில் பட்டா நகல், தோப்பின் கைப்பேசிப் படங்கள், முன்பணம் கொடுத்த ரசீது எல்லாம் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் இத்தனை ஆண்டுகளாகச் சொத்து ஆவணங்களைப் பார்த்து வருகிறேன். இந்த வரிசை மட்டும் மாறவில்லை.

சூளகிரிப் பக்கம் மாந்தோப்பு. பத்திரத்தில் மூன்று ஏக்கர் இருபது சென்ட், பட்டாவில் 1.29.50, அதாவது 1.295 ஹெக்டேர். ஒரு ஹெக்டேருக்கு 247 சென்ட் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு ஒத்துப்போகிறது. ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து அந்தத் திசையில் மரத்துக்கு ஒரு தரகர் நிற்கிறார். பெரிய திட்டத்துக்குப் பக்கத்தில் நிலம் இருந்தால் விலை ஏறலாம். திட்டத்துக்கு உள்ளேயே இருந்தால் அரசு கொடுக்கும் இழப்பீடுதான் கிடைக்கும், தரகர் சொன்ன விலை கிடைக்காது. அந்தப் புல எண் கையகப்படுத்தும் அறிவிப்பில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டாரா என்றேன். கேட்கவில்லை.

வில்லங்கச் சான்று என்பது ஒரு பட்டியல். நாம் கொடுத்த புல எண்ணுக்கு, நாம் கேட்ட ஆண்டுகளுக்குள் என்னென்ன ஆவணங்கள் பதிவாயின என்பதை மட்டும் அது சொல்லும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. வட்டிக்காரரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்றும் வராது. "அசல் தொலைந்துவிட்டது, நகல் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், அது யாரிடம் தொலைந்தது என்று நான் கேட்பது வழக்கம்.

தம்பி கொண்டுவந்த சான்றில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், எங்கள் பேச்சில் யு.டி.ஆர்., ஏராளமான புல எண்கள் உட்பிரிவாயின. அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய எண்தான் இருக்கும். இவர் புது எண்ணை மட்டும் கொடுத்து 1995-இலிருந்து தேடியிருக்கிறார். பழைய எண்ணைக் கொடுக்காவிட்டால் பழைய பத்திரம் எப்படி வெளியே வரும்?

எங்கள் பகுதிக்கென்றே ஒரு சுற்று உண்டு. 1965 அக்டோபர் 2-க்கு முன் இது சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஒரே கொல்லைக்கு, எங்கள் பக்கம் விவசாய நிலத்தை அப்படித்தான் சொல்வோம், மூன்று மாவட்டப் பெயர்களில் பத்திரம் கிடைக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கில் எழுதியதும் வரும். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது; ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டச் சொல்வேன்.

பழைய எண்ணில் கையால் புரட்டித் தேடியதில் 1971-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் கிடைத்தது. விற்பவர்களின் தகப்பனார் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம். அவர் உயில் எழுதாமல் இறந்துபோக, 2009-இல் இரண்டு மகன்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டாவையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். காகிதத்தில் குறையே இல்லை. வாரிசுச் சான்று மட்டும் இல்லை. "எங்கேயோ வைத்துவிட்டோம் சார்" என்றார் மூத்த மகன்.

ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போனோம். தம்பி எல்லைக் கற்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் ஓர் அம்மா உதிர்ந்த மாங்காய்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவரோ என்று நினைத்து, "யார் தோப்பு அம்மா இது?" என்று கேட்டேன்.

"எங்கள் அப்பன் வாங்கின கொல்லை, சாமி. அண்ணன்மார் விற்கப்போகிறார்களாமே, நீங்கள்தான் வாங்குகிறவரா?"

ராயக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவராம். வருடத்துக்கு ஒருமுறை ஊறுகாய்க்குக் காய் எடுத்துப்போக வருவாராம்.

தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்துக்கு உயில் இல்லையென்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் உரிமை தந்த 2005 திருத்தம் வரை போகவே தேவையில்லை. தாயும் காலமாகிவிட்டதால் அந்த அம்மாவின் பங்கு மூன்றில் ஒன்று. ஏறக்குறைய நூற்றேழு சென்ட். அவர் கையெழுத்திடாத பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பே இல்லை என்பதால் வில்லங்கச் சான்றில் அவர் பெயர் எந்தக் காலத்திலும் வராது. சாக்கும் கையுமாக நின்றதால்தான் எங்கள் கண்ணில் பட்டார்.

நிலத்தில் கால் வைக்காமல் நான் கருத்துரை எழுதுவதில்லை என்பதற்கு வேறு காரணமும் உண்டு. முன்பு தருமபுரிப் பக்கம் கிடங்கு கட்ட ஒருவர் நிலம் பார்த்தார். பட்டா, பத்திரம், அளவு எல்லாம் சரி. வரப்பு ஓரம் பாதி மண்ணில் புதைந்த ஓர் அடையாளக் கல். அதைத் துடைத்துப் பார்த்தால் எரிவாயுக் குழாய்ப் பாதை. 1962-ஆம் ஆண்டுக் குழாய்ப் பாதைச் சட்டத்தின்படி நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் எழுப்பவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ முடியாது. கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் குழாய்க்கு எதிராக இந்த இரண்டு மாவட்ட விவசாயிகளும் போராடிய கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வாங்க வருகிறவருக்குத்தான் தெரியாது.

கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் பார்த்துவிட வேண்டும். ஆதிதிராவிடருக்கு ஒப்படைத்த நிபந்தனை நிலமான பஞ்சமி நிலம், ஓடைப் புறம்போக்கு போன்றவை அதில்தான் அகப்படும். பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கினால் கிரயம் செல்லாது, கொடுத்த பணத்துக்கும் வழியில்லை. பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பதைச் சான்றோடு நிறுத்தாமல் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். மனை என்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "பண்ணை நிலம்" என்று பெயர் மாற்றிக் கூறு போட்டு விற்பதற்கு மயங்காதீர்கள். பண்ணை வீடு கட்டுகிறவர்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கலிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டங்கள் இவை.

மாந்தோப்புக்கு வருகிறேன். அண்ணன்மார் முதலில் குதித்தார்கள். தங்கைக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்றார்கள். பிறகு, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கித் தருகிறோம் என்றார்கள். சட்டப்படி அதுவே தம்பிக்குப் போதும் என்றாலும், பின்னாளில் "ஏமாற்றி வாங்கினார்கள்" என்று வழக்கு வர அதைவிட நல்ல வாசல் வேறில்லை. மூவரும் சேர்ந்து விற்பவர்களாகக் கையெழுத்திட வேண்டும், அந்த அம்மாவின் பங்குத் தொகை அவர் பெயரிலேயே வரைவோலையாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் கருத்துரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதம் இழுத்தது. முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாமா என்று தம்பி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார்.

பதிவு நாளன்று அந்த அம்மா தம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கைநாட்டு வைக்கும் முன், "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஒருமுறை வாசியுங்கள் சாமி" என்றார். முழுவதையும் வாசித்தேன். எல்லை விவரம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, வடக்கு எல்லையில் இருப்பது வண்டிப்பாதை, பத்திரத்தில் ஓடை என்று தவறாக இருக்கிறது என்றார். கிராம வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.