துண்டான காலை ஐஸில் நேரடியாக வைக்காதீர்கள்

விபத்தில் கால் துண்டாகி வருபவரின் வீட்டார் எங்களைப் போன்ற பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் முதலில் கேட்பது, "ஒட்ட வைச்சிடலாமா டாக்டர்?" என்றுதான். எங்களுக்குத் தெரிய வேண்டியது, எத்தனை மணிக்கு அடிபட்டது, துண்டை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பது.

விரலில் தசை இல்லை. ரத்தம் போகாமலும் பல மணி நேரம் தாங்கும். கால் முழுக்கத் தசை. வெளிச்சூட்டில் கிடந்தால் ஆறு மணி நேரத்தில் கெட்டுவிடும். கெட்ட தசைக்குள் ரத்தத்தைத் திறந்துவிட்டால் பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் உடம்பெங்கும் பாயும். இதயம் நின்றுபோகலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். அதனால்தான் சில நேரம் ஒட்ட வைக்க வேண்டாம் என்கிறோம்.

முதலில் ஆளைப் பாருங்கள். காயத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். அப்படியும் ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். 108-ஐ அழையுங்கள்.

அப்புறம் அந்தத் துண்டு. மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசினால் போதும், தேய்க்க வேண்டாம். சலைனில், கிடைக்காவிட்டால் சுத்தமான தண்ணீரில், நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றி, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாதபடி வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் மீன்கடையில், ஜூஸ் கடையில் கிடைக்கும். தசை நேராக ஐஸில் பட்டால் உறைந்து செத்துவிடும். இணைக்க வழியே இல்லாமல் போகும். கால் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடாதீர்கள். அந்தத் தோல் வழியாகக் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கக்கூடும். அசையாமல் கட்டை வைத்துக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

1962-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 12 வயதுச் சிறுவனின் துண்டான கையை ரொனால்ட் மால்ட் என்ற சர்ஜனின் குழுவினர் வெற்றிகரமாக இணைத்தார்கள். கால் அதைவிடக் கடினம். உடல் எடையைத் தாங்க வேண்டும், உள்ளங்காலில் உணர்ச்சி வர வேண்டும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். குழந்தைகளுக்கு நன்றாகவே வளரும். நசுங்கிய கால், வயதானவர், சர்க்கரை நோய் என்றால், முழங்காலுக்குக் கீழே நல்ல செயற்கைக் கால் பொருத்தி நடப்பதே மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அதை நாங்கள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு நசுங்கியிருந்தாலும் துண்டை விட்டுவிட்டு வராதீர்கள். இணைக்க முடியாத காலின் தோல்கூட மிச்சமிருக்கும் காலை மூட உதவும்.

இந்த அறுவை சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. கிளம்பும்போதே போன் செய்து, மைக்ரோசர்ஜரி (மைக்ரோஸ்கோப் வழியாக நுண்ணிய ரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவை சிகிச்சை) குழு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், மாநில அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. பணம் புரட்ட நின்று நேரத்தை இழக்காதீர்கள்.