வண்டியிலயா இருக்கீங்க? அப்புறம் பேசலாம்

"பார்த்துக்கிட்டேதான் மேடம் ஓட்டினேன். அவர் எங்கிருந்து வந்தார்னே தெரியல."

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, சிகிச்சை முடிந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். நான் மருத்துவ உளவியலாளர். காயம் ஆறிய பிறகு கவனமும் ஞாபகமும் எந்த அளவுக்கு மீண்டிருக்கின்றன, வேலைக்குப் போகலாமா, திரும்ப வண்டியைத் தொடலாமா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. "படிப்பில் கவனமே இல்லை" என்று பெற்றோர் கூட்டிவரும் பள்ளிப் பிள்ளைகளும் இதே அறைக்குத்தான் வருகிறார்கள். வண்டி ஓட்டும்போது போனைத் தடுக்க வேண்டுமா, பள்ளியில் தடுக்க வேண்டுமா என்று வெளியே இரண்டு விவாதங்கள் தனித்தனியாக நடக்கின்றன. என் மேசையில் இரண்டும் ஒரே கேள்விதான்.

மேலே சொன்ன வார்த்தைகளைச் சொன்னவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் மனைவியோடு பேசிக்கொண்டே கார் ஓட்டியிருக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்திருக்கின்றன. சாலையைக் கடந்த சைக்கிள்காரரை இடித்துவிட்டு, தடுப்பில் மோதி வண்டி நின்றிருக்கிறது. சைக்கிள்காரருக்குக் கால் எலும்பு முறிவு, இவருக்கு நெற்றியில் பலத்த அடி. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வேறொன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. "நான் பொய் சொல்றேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சத்தியமா ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவருக்கும் காட்ட வேண்டியிருந்தது.

வரிசை வரிசையாக எழுத்துகள் அச்சடித்த தாள் ஒன்று என்னிடம் உண்டு. 'ம' வருகிற இடமெல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். முதல் தாளில் இரண்டே இரண்டு எழுத்தைத்தான் விட்டார். நல்ல தேர்ச்சி. அதே மாதிரி இன்னொரு தாளைக் கொடுத்து, "கோடு போட்டுக்கிட்டே, வீட்டிலிருந்து ஆபீசுக்கு எப்படிப் போவீங்கன்னு ஒவ்வொரு திருப்பமாச் சொல்லுங்க" என்றேன். வழியை அழகாகச் சொன்னார். கையும் நிற்கவில்லை, கண்ணும் தாளைவிட்டு எடுபடவில்லை. முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் பதினொரு எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். "இது இங்கேயா இருந்துச்சு? பென்சில் அதுக்கு மேலயே போயிருக்கே" என்றார். பிறகு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைத் தலைக்காயத்தின் விளைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடியே படாத என் சக ஊழியர்களும் இரண்டாவது தாளில் தடுமாறினார்கள். நானும் தடுமாறினேன்.

கண்ணில் விழுவது வேறு, மனசில் பதிவது வேறு. இடையில் கவனம் என்று ஒன்று இருக்கிறது, அது நம்மிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐரா ஹைமன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டும். வளாகத்தின் நடுவே, கோமாளி வேஷம் போட்ட ஒருவரை ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றவிட்டார்கள். அந்த வழியாக நடந்துபோனவர்களிடம் பிறகு கேட்டபோது, செல்போனில் பேசிக்கொண்டு போனவர்களில் கால்வாசிப் பேர்தான் கோமாளியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டு போனவர்களில் பத்தில் ஏழு பேர் பார்த்திருந்தார்கள்.

"அப்படியானால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடும் பேசக்கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் அவர் பேச்சு தானாக நின்றுவிடும், சில சமயம் "பார்த்து, பார்த்து" என்று அவரே எச்சரிப்பார். போனில் இருப்பவருக்கு உங்கள் எதிரே லாரி வருவது தெரியாது. அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், நீங்களும் பதில் யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் போதும் என்ற நம்பிக்கைதான் நான் பார்த்தவற்றிலேயே ஆபத்தானது. ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் டொராண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் போன் பில்களைப் புரட்டிப் பார்த்து, 1997இல் முடிவை வெளியிட்டார்கள். போனில் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் பாதுகாப்பில் வித்தியாசம் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டங்களில் பலவும் கையைத்தான் கட்டின. பிரிட்டன் 2003 டிசம்பரில் கொண்டுவந்த தடைகூட கையில் பிடிக்கும் போனுக்குத்தான், ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு அனுமதி உண்டு. கையில் இருந்தால் போலீஸ்காரர் கண்ணில் படும், மனசு எங்கே இருக்கிறது என்பதை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. சட்டத்தின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் அனுமதித்த ஒன்று பத்திரமானது என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதுதான் வேதனை.

மெசேஜ் டைப் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால், 33 மீட்டர் தூரம் குருடாக ஓட்டியிருப்பீர்கள். அவ்வளவுதான் கணக்கு.

சிக்னலில் நிற்கும்போது போனை எடுப்பதைப் பலரும் தப்பாகவே நினைப்பதில்லை. "வண்டிதான் நிக்குதே" என்பார்கள். வண்டி கிளம்பியபிறகும் மனசு கொஞ்ச நேரம் போனிலேயே இருக்கும். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர், அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. காரின் குரல் கட்டளை வசதியைப் பயன்படுத்தி முடித்தபிறகும் கவனம் பழைய நிலைக்கு வர 27 நொடிவரை ஆகலாம் என்று அதில் கண்டார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில்கூட அதற்குள் 300 மீட்டர் போயிருப்போம். சிக்னலைத் தாண்டியதும் வருகிற பாதசாரிக் கடப்பு இந்த 300 மீட்டருக்குள்தான் இருக்கும்.

இனி பள்ளிக்கு வருகிறேன்.

பதினாலு வயதுப் பையனை அவன் அம்மா கூட்டிவந்திருந்தார். மதிப்பெண் சரிந்துவிட்டது, வகுப்பில் கனவு காண்கிறான் என்று ஆசிரியர் புகார். கவனக்குறைபாடு இருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம். சோதனைகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. "வகுப்பில் போனைத் தொடவே மாட்டேன், சைலன்ட்ல போட்டு பாக்கெட்ல வெச்சிருப்பேன்" என்றான். நம்பினேன். அவன் சம்மதத்தோடு, முந்தைய நாள் வகுப்பு நேரத்தில் என்னென்ன நோட்டிஃபிகேஷன் வந்தன என்று மூன்று பேருமாகச் சேர்ந்து எண்ணினோம். நாற்பத்தியாறு. நண்பர்கள் குழு, விளையாட்டுச் செயலி, இன்னும் என்னென்னவோ. அதில் ஆறு அம்மாவிடமிருந்து. "சாப்பிட்டியா?" "டெஸ்ட் எப்படி?" "ஏன் ரிப்ளை பண்ணல?"

அந்த அம்மா முகம் வாடிப்போனது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை மேல் இருக்கிற அக்கறைதானே அது. ஆனால் பாக்கெட்டில் ஒவ்வொரு தடவை அதிரும்போதும், அவன் கை போகாவிட்டாலும் மனசு போய்வந்திருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். போனைத் தொடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தவர்களும் அழைப்போ மெசேஜோ வந்ததற்கான அறிவிப்பிலேயே கவனச் சோதனையில் அதிகம் தவறினார்கள். கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற பையனும் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டியவரும் எனக்கு ஒருவராகவே தெரிவது இதனால்தான்.

ஆகவே "வகுப்பில் பயன்படுத்தாதே" என்ற விதி போதாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளிக்குள் நுழைந்ததும் அணைத்து, ஓரிடத்தில் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயது வரையிலான மாணவர்கள் பள்ளியில் போனைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரான்ஸ் 2018இல் சட்டமே போட்டது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் பெலாண்ட், மர்ஃபி என்ற இருவர் வெளியிட்ட முடிவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தடைக்குப்பின் மதிப்பெண் கூடியது படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குத்தான். முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பெரிய மாற்றமில்லை. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எப்படியும் தப்பித்துவிடும், விதி தேவைப்படுவது தடுமாறுகிற பிள்ளைக்கு.

இதை மந்திரமாக நினைத்துவிடவும் கூடாது. 2025இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 30 பள்ளிகளில் பார்த்தபோது, போனுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேலாக இல்லை. ஒரு நாளில் போனோடு கழிக்கும் மொத்த நேரம் கூடினால் மனநலம், தூக்கம் இரண்டும் மோசமாக இருந்தன. பள்ளியில் பூட்டிவைத்த போன் வீட்டுக்கு வந்ததும் நள்ளிரவு வரை கையில் இருந்தால் என்ன பயன்? அந்த வேலையைப் பள்ளியின் தலையில் கட்ட முடியாது.

விதிவிலக்குகளைத் தாராளமாகக் கொடுங்கள் என்றும் பள்ளிகளிடம் கேட்பேன். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள சில பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவைக் காட்டுவதே போன்தான். காது கேட்கும் கருவியைப் போனோடு இணைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடமிருந்து போனைப் பிடுங்கி வைப்பது கொடுமை.

"அவசரம்னா எப்படிக் கூப்பிடறது?" என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. பள்ளி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், ஆள் அனுப்பிச் சொல்வார்கள். அலுவலகம் போனை எடுக்காத பள்ளியாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன்.

எல்லாக் கட்டுப்பாடும் போன் வைத்திருப்பவர் மேல்தான் பாய்கிறது. கூப்பிடுகிறவரை யாரும் கேட்பதில்லை. வண்டியில் இருப்பவரைக் கூப்பிடுவது மனைவி, கணவர், முதலாளி. வகுப்பில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவது அம்மா, அப்பா. அதிலும் முதலாளி கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஓட்டுநர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள், "வண்டி ஓடும்போது எடுக்க வேண்டாம், எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டோம்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் முதல் கேள்வியாக "வண்டியிலயா இருக்கீங்க?" என்று கேட்டு, ஆமாம் என்றால் வைத்துவிட வேண்டும். ஓட்டுகிறவர் கிளம்பும் முன்பே போனை 'டிரைவிங்' நிலையில் போட்டு, பின் சீட்டில் பையோடு வைத்துவிடலாம். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே இருசக்கர வாகனத்தில் போகிறவர்களை வழியில் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த எழுத்துத் தாளில் பதினொன்றை விட்டவர், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். கூடவே மனைவியும். அவர் தாளைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கணவரின் கையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே இருந்துவிட்டார். அவர் பென்சிலைக் கீழே வைத்தபிறகுதான் பேசினார்.