முன்கண்ணாடியில் வைப்பர் கீறல்: எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

மழை இல்லாத இரவில், எதிரே வரும் வண்டியின் விளக்கை முன்கண்ணாடி வழியாகக் கவனியுங்கள். விளக்கைச் சுற்றிலும் புகை படர்ந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது எண்ணெய்ப் பிசுக்கு அல்லது போர் தண்ணீரின் உப்புக்கறை. ஒளி ஒரே கோடாக நீண்டு, அந்தக் கோட்டைக் கீழே இழுத்துப் பார்த்தால் வைப்பர் கை சுழலும் இடத்தில் போய் முடிகிறது என்றால், சந்தேகமே வேண்டாம், வைப்பர் கீறல்தான். ஒரு கீறல் தன்மேல் விழும் ஒளியைத் தனக்குக் குறுக்காகத்தான் சிதறடிக்கும். வைப்பர் கீறல்கள் எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றிய வில்கள். அதனால் நூற்றுக்கணக்கான கீறல்கள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி ஒளியைத் தர, அத்தனையும் மையத்தை நோக்கி வரிசையாக நின்று கோடாகிவிடுகின்றன.

ரப்பரால் கண்ணாடியைக் கீற முடியாது. கீறுவது ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய மணல். எண் கூடக் கடினமும் கூடும் மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி சுமார் 5.5, சாலைப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. வெயிலில் விறைத்துப்போன ரப்பரின் விளிம்பில் ஒரு மணல்துகள் பதிந்துவிட்டால், அது ஒவ்வொரு வீச்சிலும் அதே வட்டத்தில் உழும். காலையில் காய்ந்த தூசியின்மேல் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைத் தட்டிவிடும் பழக்கம்தான் பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம். மெல்லிய கோடுகள் கூட்டமாக இருந்தால் புழுதி. ஆழமான கோடு ஒன்றோ இரண்டோ தனியாக இருந்தால், ரப்பர் கிழிந்து உள்ளிருக்கும் இரும்புப் பட்டை கண்ணாடியில் உரசியிருக்கிறது.

இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் கீறலை யாராலும் நிரப்ப முடியாது. பாலிஷ் என்பது கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கண்ணாடியைக் கரைத்து இறக்குவது. ஆகவே ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சோதனை எளிது: கண்ணாடியை நன்றாகக் காயவைத்து, கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் தேய்க்கலாம். தட்டி நின்றால் விட்டுவிடுங்கள்.

ஏன் விடவேண்டும்? முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 0.76 மி.மீ. பிவிபி பிளாஸ்டிக் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. வெளித்தகடு சுமார் 2 மி.மீ. தடிமன் என்பதால், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) போவதால் பலம் பெரிதாகக் குறையாது. பிரச்சினை பார்வையில் வரும். 20 மைக்ரான் ஆழக் கீறலை எடுப்பதற்காக 2 செ.மீ. அகல வட்டத்தை மட்டும் தேய்த்தால், அங்கே ஒரு குழிலென்ஸ் உருவாகிறது. கணக்குப் போட்டால் அதன் திறன் சுமார் 0.2 டயாப்டர், மூக்குக் கண்ணாடியில் கிட்டத்தட்ட ஒரு படி பவர். தலையை அசைத்தால் சாலைக்கோடு அந்த இடத்தில் நெளியும். அதே ஆழத்தை 10 செ.மீ. அகலத்துக்குப் பரப்பினால் திறன் 25-இல் ஒரு பங்காகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேய்க்கவேண்டிய பரப்பு 25 மடங்கு. வீட்டு டிரில்லை வைத்துக்கொண்டு அது ஆகிற வேலை இல்லை.

தேய்க்கும் பொருள் சீரியம் ஆக்சைடு. கடை டப்பாக்களில் வெள்ளை, இளஞ்சிவப்பு, செங்கல் நிறம் என்று பலவிதமாக வரும்; துகள் அளவு பெரும்பாலும் 1 முதல் 3 மைக்ரான். கண்ணாடியைவிட அதிகக் கடினமும் இல்லாத இந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது? தண்ணீர் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பில் மிக மெல்லிய, இளகிய ஓர் அடுக்கு உருவாகிறது. அதிலுள்ள சிலிக்காவோடு சீரியம் ஆக்சைடு தற்காலிகமாகப் பிணைந்து, துகள் நகரும்போது அதைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. பாதி வேதியியல், பாதி இழுபறி. 1990-இல் லீ குக் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை இந்தச் செயலைத் தெளிவாக விளக்கியது. தண்ணீர் இல்லாவிட்டால் இந்த வேதியியல் நடக்காது, சூடுதான் மிஞ்சும். வைரத்தூளைப் போலப் புதுக்கீறல் போடாமல் பளபளப்பை விட்டுச்செல்வதும் இதனால்தான்.

சீரியம் நமக்கு அந்நியம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில், அருமண் (ரேர் எர்த்) தனிமங்களில் அதிகமாக இருப்பது இதுதான். ஜெர்மனிக்குக் கப்பலேறிய தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு போன மணலில் இருந்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தக் கனிமத்தை 1909-இல் அடையாளம் கண்டார்.

பற்பசை, சமையல் சோடா வைத்தியங்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவை கண்ணாடியைவிட மென்மையானவை, மேலே படிந்த பிசுக்கை எடுக்கும், கீறலைத் தொடாது. நிறமில்லாத நகப்பூச்சு, கண்ணாடியின் ஒளிவிலகலுக்கு அருகில் இருப்பதால் கீறலை மறைப்பது உண்மை. வைப்பர் நாலு நாள் ஓடினால் உரிந்துவிடும். கல் பட்ட சில்லுக்குப் போடும் ரெசினும் இதற்கு ஆகாது.

வேலைக்கு வேண்டியவை: சீரியம் ஆக்சைடு 100 கிராம், டிரில்லில் மாட்டும் 75 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பேட், வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பேட்டரி டிரில், தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் ஷீட், மார்க்கர் பேனா, மைக்ரோஃபைபர் துணி. பேட்டரி டிரில் என்று சொல்வதற்குக் காரணம், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் 230 வோல்ட் வயர் வேண்டாம் என்பதுதான். ஆங்கிள் கிரைண்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், நொடியில் சூடேற்றிவிடும். உலர்ந்த தூளைக் கொட்டும்போது என்95 மாஸ்க் அவசியம். அருமண் தூசி நுரையீரலில் தங்கும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி குளிர்ந்தபின் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு மணல்கூட மிஞ்சக்கூடாது; மிஞ்சினால் பேட்டே புதுக் கீறல் போடும். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். கீறல் என்று நினைத்தவற்றில் பாதி அங்கேயே போய்விடுவதும் உண்டு. பிறகு கீறல் உள்ள இடத்தை வண்டியின் உள்பக்கத்திலிருந்து மார்க்கரால் வட்டமிடுங்கள். வெளியே குறித்தால் முதல் நிமிடத்தில் அழிந்துவிடும். சீரியக் கரைசல் பூசியபின் கீறல் எங்கே என்று தேடவேண்டிவரும். பானெட், ரப்பர் விளிம்பு, வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஷீட் போட்டு டேப் ஒட்டுங்கள். காய்ந்த சீரியம் கறுப்பு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் ஏறிவிட்டால் எளிதில் வராது.

50 கிராம் தூளுக்கு 100 மி.லி. தண்ணீர். தூள் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். பேட்டை முதலில் நனைத்துப் பிழிந்து, கரைசலைத் தடவி, டிரில்லை ஓட்டாமலேயே கண்ணாடியில் பரப்புங்கள். பிறகு நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று வேகம். பேட் தட்டையாகப் படியவேண்டும். சாய்ந்தால் விளிம்பு குழி தோண்டும். டிரில்லின் சத்தம் லேசாக இறங்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். ஓர் இடத்தில் நிற்காமல், கீறலைத் தாண்டி நாலாபக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது போய், குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துங்கள்.

வேலை எப்போது நடக்கிறது என்பதைக் கையே சொல்லும். நிறையத் தண்ணீர் இருக்கும்போது பேட் வழுக்கும், தூள் வழிந்து வீணாகும். கரைசல் கொஞ்சம் கெட்டியாகும்போது பேட் கண்ணாடியைப் பிடித்து இழுப்பது தெரியும். கரைப்பு அதிகம் நடப்பது அப்போதுதான், சூடு ஏறுவதும் அப்போதுதான். அதனால் 30 முதல் 45 நொடிக்கு ஒரு முறை நிறுத்திப் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி அவசரமாக ஆற்றப் பார்க்காதீர்கள்.

சூட்டுக்கு இவ்வளவு பயப்படுவதற்குக் கணக்கு இருக்கிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தேய்க்கும் இடம் விரியப் பார்க்க, சுற்றியிருக்கும் குளிர்ந்த பகுதி இழுபடுகிறது. ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 0.6 மெகாபாஸ்கல் அழுத்தம். 50 டிகிரி வித்தியாசம் வந்தால் 30 மெகாபாஸ்கல். பழைய கண்ணாடி விரிசல் விட அது போதும். விளிம்பிலோ நடுவிலோ கல் பட்ட சில்லு இருந்தால் அதற்கும் முன்னாலேயே விரிசல் ஓடிவிடும். ஆகவே சில்லு உள்ள கண்ணாடியில் பாலிஷ் வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கழுவித் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்: தண்ணீர் கீறலுக்குள் புகுந்து ஒளிச்சிதறலைக் குறைத்துவிடும், கீறல் போய்விட்டதாகத் தோன்றும். மெல்லிய கோடுகள் உள்ள ஒரு சாண் சதுர இடத்துக்கு 20 முதல் 40 நிமிடம் ஆகலாம். அரைமணி நேரத்தில் கோட்டின் விளிம்புகூட மழுங்கவில்லை என்றால் அது நகச்சோதனையில் தப்பித்த ஆழக்கீறல், நிறுத்திவிடுங்கள். விளிம்பு மழுங்கி, ஒளி தெறிப்பது குறைந்தாலே இரவு ஓட்டத்துக்குப் பாதிச் சிரமம் தீர்ந்தது. கோடு அடியோடு மறையவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் லென்ஸ் உண்டாக்குகிறார்கள்.

ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் ஆழக்கீறல் இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே சரி. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகளில் கேமராவுக்கு நேர் எதிரே உள்ள பகுதியைத் தேய்க்கக்கூடாது. சிறு நெளிவும் அது தூரத்தை அளப்பதைக் கெடுக்கும்.

பாலிஷ் முடிந்ததும் பழைய பிளேடை மாட்டாதீர்கள். அதன் ரப்பரில் மணல் இன்னும் இருக்கிறது. புது பிளேடு போட்டதும் தடதடவென்று அதிர்ந்தால், முதலில் கண்ணாடியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மிச்சத் தூளை எடுங்கள். அப்படியும் அதிர்ந்தால் வைப்பர் கை முறுக்கியிருக்கிறது: ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்காததால் திரும்பும்போது மறுபக்கம் சாயாமல் குதிக்கிறது. பிளேடைக் கழற்றி, துணி சுற்றிய ஸ்பேனரால் கையின் நுனியைச் சிறிது திருப்பிப் பாருங்கள். வெறுங்கை கண்ணாடியில் அடிக்காமல் இருக்க, அந்த நேரத்தில் கீழே ஒரு மடித்த டவல் இருக்கட்டும்.