ஒன்றரைச் சுற்றில் மக்கர் செய்யும் போல்ட்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெரியப்பா விட்டுப்போன மோரிஸ் மைனர் காரைப் பிரித்துப்போட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருக்கிறாராம். "டைனமோவை நகர்த்தி ஃபேன் பெல்ட்டை இறுக்குகிற போல்ட்டின் தலை தேய்ந்துவிட்டது. கடையில் புதிதாக வாங்கினேன். அதே தடிமன்தான். ஒன்றரைச் சுற்று போகிறது, பிறகு நகரவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்தால் போய்விடுமா?"

போய்விடும். அதுதான் பயம்.

பழைய போல்ட் 5/16 அங்குலம், ஆசாரி கணக்கில் இரண்டரை நூல், 7.94 மில்லிமீட்டர். கடைக்காரர் கொடுத்தது எம்8, அதாவது 8 மில்லிமீட்டர். இந்த வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் மரைக்குத் தடிமன் ஒரு பாதிதான். மறுபாதி, பள்ளியில் திருகு அளவிப் பாடத்தில் படித்தோமே, அந்தப் புரியிடைத் தூரம்: ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவே உள்ள தூரம். பழையதில் அங்குலத்துக்கு 24 புரிகள், எனவே புரியிடைத் தூரம் 1.06 மி.மீ. எம்8 போல்ட்டில் 1.25. ஒவ்வொரு சுற்றிலும் 0.19 மி.மீ. பிசகுகிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் சொற்ப இடைவெளி ஒன்றரைச் சுற்றில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஸ்பேனரை அழுத்தினால், எது மென்மையோ அது அறுபடும். டைனமோவின் முகப்புத் தட்டு அலுமினியம்.

ஒரே பிரிட்டிஷ் வண்டியில் இத்தனை மரை வகைகள் எதற்கு? கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1841-இல் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளில் இருந்து திருகுகளைச் சேகரித்து, சராசரி எடுத்து, புரியின் இரண்டு சரிவுகளுக்கு நடுவே 55 பாகைக் கோணம், உருண்டையான முகடு என்று ஒரு பொது மரையை முன்வைத்தார். (திருகு பொறுக்கிச் சராசரி பார்க்கப்போகிறேன் என்று இன்று யாராவது ஆய்வு நிதி கேட்டால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அளவியல் என்றாலே நிதி கொடுப்பவர்களுக்குக் கொட்டாவி வருகிறது.) 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை, தட்டையான முகடு என்றார்; செய்வதற்கு அது சுலபம். இரண்டு நாடும் அவரவர் வழியில் போயின. இரண்டாம் உலகப்போரில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தயாரித்தபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளையும் அங்கேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 60 பாகை 'யூனிஃபைட்' மரைக்கு ஒப்புக்கொண்டன. மோரிஸ் மைனர் லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக நின்றது அதற்கு முந்தைய மாதம். ஆகவே அந்தக் காலத்து வண்டிகளில் பழைய விட்வொர்த், புரிகள் நெருக்கமான அதன் தம்பி பி.எஸ்.எஃப்., யூனிஃபைட்டில் நெருக்கமான புரியுள்ள புதிய யு.என்.எஃப்., மின்சாமான்களின் சின்னத் திருகுகளில் பி.ஏ. எல்லாம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தின. போதாததற்கு, இந்த எழுபது வருடத்தில் கைவைத்த ஒவ்வொரு மெக்கானிக்கும் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தெரியாத மரையை எப்படிக் கண்டுபிடிப்பது? புரியிடைத் தூரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பல் தகடான பிட்ச் கேஜ் வாங்கலாம், நல்லதுதான். ஆனால் தெரிந்த போல்ட் ஒன்று கையில் இருந்தால் அதுவே கேஜ். இரண்டு போல்ட்டையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து, ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் உட்காரும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஒரே மரை என்றால் கடைசிவரை கோத்துக்கொண்டு, நடுவே ஒரு பொட்டு வெளிச்சம் வராது.

5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டில் அங்குலத்துக்கு 22 புரி, யு.என்.எஃப்.-இல் 24. ஒரே ஒரு புரியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இல்லை. எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்தக் குட்டிப் பிசகு புரிக்குப் புரி கூடிக்கொண்டே போகிறது. கால் அங்குலம் தாண்டும்போது ஒன்றில் ஐந்தரைப் புரி முடிந்திருக்கும், மற்றதில் ஆறு. அங்கே முகடும் முகடும் முட்டிக்கொண்டு, வெளிச்சம் வரிசையாகக் கண்சிமிட்டும். அரை அங்குலத்தில் மீண்டும் கோத்துக்கொள்ளும். வெர்னியர் அளவியில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று தேடினோமே, அதே தந்திரம்தான். காசு கொடுத்து வாங்கவேண்டிய துல்லியம், பழைய போல்ட் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது!

இந்த வித்தை ஏமாறும் இடமும் உண்டு. கால் அங்குல விட்வொர்த்திலும், யூனிஃபைட்டின் அகலப் புரி வகையான கால் அங்குல யு.என்.சி.-யிலும் 20 புரிதான். 5/16-இல் இரண்டுக்கும் 18. மாறுவது கோணம் மட்டும். போல்ட் சமர்த்தாக உள்ளே போய்விடும், ஆனால் மரையின் சரிவுகள் முழுதாகப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே பூதக்கண்ணாடி வேண்டும்: முகடு உருண்டையாக இருந்தால் விட்வொர்த், தட்டை என்றால் யூனிஃபைட். ஆனால் 5/16-ஐத் தாண்டி அரை அங்குலத்துக்குப் போனால் விட்வொர்த் 12, யு.என்.சி. 13. இதை விட ஒரு வேடிக்கை, 0 பி.ஏ. திருகும் எம்6 திருகும். இரண்டும் 6 மி.மீ., இரண்டுக்கும் புரியிடைத் தூரம் 1 மி.மீ. கோணம் மட்டும் 47.5-க்கும் 60-க்கும் நடுவே சண்டை போடுகிறது.

தலையும் சாட்சி சொல்லும். போல்ட் தலையில் வட்டமான மேலோட்டமான குழியோ, பக்கத்தில் சங்கிலிபோல ஒட்டிய வட்டங்களோ இருந்தால் அது யூனிஃபைட். வாசகர் அனுப்பிய படத்தில், தேய்ந்த தலையின் நடுவே அந்தக் குழி தெரிகிறது. ஸ்பேனர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 5/16 யு.என்.எஃப். தலையின் அகலம் 12.7 மி.மீ., எம்8-க்கு 13, 5/16 பி.எஸ்.எஃப்.-க்கு 13.3. 0.3 மி.மீ., 0.6 மி.மீ. வித்தியாசத்தில் மூன்று தலைகள்! யூனிஃபைட் போல்ட்டுக்கான ஏ.எஃப். ஸ்பேனரில் இருக்கும் எண், வாயின் அகலம். விட்வொர்த் ஸ்பேனரில் இருக்கும் எண், போல்ட்டின் தடிமன். அதனால் '1/4 விட்வொர்த்' ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேலே விரியும். இது தெரியாமல் ஒரு 13 ஸ்பேனரை வைத்தே நான் காலம் தள்ளி, ஒரு போல்ட்டின் ஆறு மூலைகளையும் மழித்திருக்கிறேன்.

இப்போது பழுது. வாசகரின் அலுமினியத் தட்டில் மரை ஏற்கெனவே கொஞ்சம் நசுங்கியிருக்கலாம். 'எம்8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு அப்படியே அளவை மாற்றிவிடு' என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். 1.06 இடைவெளியில் வெட்டிய சுருள்மேல் 1.25 இடைவெளியில் இன்னொன்றை வெட்டினால் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு, மிஞ்சுவது தூள்தான்.

செய்ய வேண்டியது ஹெலிகாயில். துளையை 8.3 மி.மீ. அளவுக்கு ட்ரில் செய்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்டி, வைரம்போன்ற குறுக்குவெட்டுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைச் செலுத்துவார்கள். மேல்பரப்பிலிருந்து அரைச் சுற்று கீழே நிற்கவேண்டும். அடியில் இருக்கும் சின்ன வாலை உடைத்து எடுத்துவிட்டால் உள்ளே மீண்டும் 5/16 யு.என்.எஃப்.

ஒட்டுப்போட்ட மரை, அசல் மரையை விட வலுவாக இருப்பது எப்படி? போல்ட்டை இறுக்கினால் அது ரப்பர்போல இழுபடுகிறது, மிகச் சிறிய அளவில். எதிரே இருக்கும் உலோகம் அமுங்குகிறது. ஒன்றின் புரியிடைத் தூரம் நீள, மற்றதன் தூரம் சுருங்குகிறது. எனவே எல்லாப் புரிகளும் பாரத்தைச் சமமாகச் சுமப்பதில்லை. சாதாரண நட்டில் முதல் புரியே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஊர் கூடி இழுக்கிற தேர் என்று நினைத்தோம், முன்வரிசைக்காரர்தான் மூச்சுத் திணறுகிறார். மரை எப்போதும் முதல் புரியிலிருந்து போவது அதனால்தான். கம்பிச் சுருளோ கெட்டியான ஒரே துண்டல்ல. ஒவ்வொரு சுற்றும் தலைமுடி அளவுக்கு நகர்ந்துகொடுக்கும். முன்னவர் இளக்கிக்கொடுக்க, பின்னவரும் பிடித்து இழுக்கிறார். மேலும், சுருளின் வெளிச்சுற்று பெரிது, அதனால் அலுமினியத்தில் பாரம் பரவும் பரப்பும் கூடுகிறது.

பட்டறைகளில் 'கைக்கே இறுக்கம் தெரியும்' என்றொரு மூடநம்பிக்கை உண்டு. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை வைப்பதாவது வண்டியைக் கெடுக்காது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் பலத்தில் பெரும்பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுதான் போல்ட்டை இழுத்துப்பிடிக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் பட்டால்கூட அந்தக் கணக்கு மாறிவிடும். கைக்கு இதெல்லாம் தெரியாது.

யாழ்ப்பாண வாசகரே, சுருளைப் போட்டதும் புதிய யு.என்.எஃப். போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை சுழற்றுங்கள், விரலுக்கு முரண்டு பிடித்தால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். வாங்கி ஏமாந்த எம்8 போல்ட்டை எறியவேண்டாம். ஜன்னலோரம் வையுங்கள். உங்கள் வண்டியில் அடுத்து கழற்றும் மர்ம போல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க, அளவு தெரிந்த மரை ஒன்று வேண்டும்.