இன்னும் கொஞ்சம் மருந்து சேர்த்துப் போடுங்கள், டாக்டர்!

பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நாங்கள் மயக்க ஊசி போடுவதற்கு முன்பே நாக்குழறிப் பேசினார். விசாரித்தபோது, பயமில்லாமல் இருக்கட்டும் என்று அவருடைய மைத்துனர், தாம் இரவில் தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் மாத்திரைகள் இரண்டைக் காலையில் கொடுத்திருப்பது தெரிந்தது. ஒப்புதல் படிவத்திலோ வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பரிசோதனையைத் தள்ளிவைத்ததும் குடும்பத்தாருக்குக் கோபம் வந்தது. "மாத்திரைதானே டாக்டர், ஊசியோடு சேர்ந்தால் இன்னும் நன்றாகத் தூங்குவார்தானே?" என்று கேட்டார்கள். மயக்கவியல் மருத்துவராக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மயக்க மருந்துகளின் விளைவைக் கூட்டல் கணக்காகப் போட முடியாது. 1990இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களுக்கு, தூக்கம் வரவைக்கும் மிடாசோலமும் வலியைப் போக்கி மயக்கமும் தரும் ஃபென்டனிலும் முதலில் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மிடாசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது பாதிப் பேருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது, ஆனால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. அதே அளவுகளைச் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது; 6 பேருக்குச் சற்று நேரம் மூச்சே நின்றது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், எடை கூடிய, இரவில் உரக்கக் குறட்டை விடுகிற, எழுபது வயதுப் பெரியவருக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "ஒவ்வொன்றும் கொஞ்சம்தானே" என்ற சமாதானம் நோயாளிகளிடம் மட்டும் இருந்தால் எடுத்துச் சொல்லித் திருத்திவிடலாம். சில இடங்களில் அது மருத்துவமனைப் பழக்கமாகவே இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

மருந்துகளைச் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. புரோபோஃபால் என்ற மயக்க ஊசி ஒரு நிமிடத்துக்குள் தூங்கவைக்கும், ஊசியை நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளியும். ஆனால் அது வலியைப் போக்காது. பெருங்குடலின் வளைவுகளில் குழாய் இழுபடும்போது வலி உண்டாவதால், சிறிதளவு ஃபென்டனில் சேர்த்தால் நோயாளி அசையாமல் இருப்பார், புரோபோஃபாலும் குறைவாகவே தேவைப்படும். கீட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தைச் சேர்த்தால் இரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காது, மூச்சும் பெரும்பாலும் அடங்காது. ஆனால் எச்சில் ஊறும், விழிக்கும்போது சிலருக்கு மனம் குழம்பும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மயக்க மருந்து மூச்சை அதிகம் பாதிக்காது என்று பலரும் விரும்புகிறார்கள்; ஆனால் அதை மெதுவாக ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பு குறையும், தெளிவதற்கும் நேரம் ஆகும். பித்தநாளக் கல்லை எடுக்கும் நீண்ட சிகிச்சையில் இந்தச் சேர்க்கைகளுக்குப் பொருள் உண்டு. ஐந்து நிமிடத்தில் முடிகிற சாதாரண இரைப்பை எண்டோஸ்கோபிக்குத் தொண்டையை மரத்துப்போகச் செய்ய அடிக்கும் லிக்னோகெய்ன் ஸ்ப்ரே பலருக்குப் போதும். அங்கே மூன்று மருந்துகளைக் கலப்பதற்கான காரணம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புரோபோஃபால் என்றதும், மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தினால்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அதே மருந்துதான். ஆனால் 2009இல் அது வீட்டுப் படுக்கையறையில், உரிய கண்காணிப்பின்றிக் கொடுக்கப்பட்டது. அல்பிரசோலத்தின் இனத்தைச் சேர்ந்த பிற மருந்துகளும் அப்போது அவர் உடலில் இருந்தன. எந்த மருந்து என்று கேட்பவர்கள், அதைக் கொடுத்துவிட்டு என் மூச்சைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் இருப்பாரா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். குழாயைச் செலுத்தும் மருத்துவரின் கண் திரையில் இருக்கும். அவரே மூச்சையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பாதீர்கள். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 99 என்று காட்டுவதும் முழு நிம்மதி ஆகாது. மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்று சிறிது நேரம் கழித்துத்தான் அந்த எண் இறங்கும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி முன்னதாகவே எச்சரிக்கும். அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

உங்கள் பங்குக்கு, எதையும் மறைக்காதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, நாட்பட்ட வலிக்கான டிரமடால், முந்தின இரவு குடித்த மது என அனைத்தையும் சொல்லுங்கள். மனைவி எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்திருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். எடையையோ சர்க்கரையையோ குறைக்கச் செமாக்ளூடைடு எடுப்பவர்களுக்கு இரைப்பை காலியாகத் தாமதமாகும்; அதை முன்கூட்டியே தெரிவியுங்கள். பால் சேர்த்த டீ உணவுக் கணக்கில்தான் வரும், ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு வாய்தான் குடித்தேன் என்று எங்களிடம் பேரம் பேசாதீர்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

முடிந்த பிறகு, எழுந்து உட்கார்ந்துவிட்டாரே, ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதும் வழக்கமாகிவிட்டது. மிடாசோலத்தை முறிக்க ஃபுளுமாசெனில் கொடுத்திருந்தால், முறிக்கும் மருந்தின் வேகம் முதலில் அடங்கிவிடும். எழுந்து பேசியவர் மறுபடியும் ஆழ்ந்து தூங்கக்கூடும். அந்த நேரத்தில் அவர் பேருந்திலோ மைத்துனரின் பைக் பின்னிருக்கையிலோ இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவரைப் படுக்கவைத்திருக்கிறோம். தயவுசெய்து பொறுத்திருங்கள். அன்று முழுவதும் அவர் வண்டி ஓட்ட வேண்டாம், பத்திரம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், இரவு எங்களைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் போட வேண்டாம்.