ஐசொலேட்டர்: துண்டிப்பானா, பிரிப்பானா?

மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான், இன்சுலேட்டர். சோலார் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே சுவரில் இருக்கும் திருகு சுவிட்ச், ஐசொலேட்டர். இரண்டு பெயர்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. அதிலிருந்து நேரே எடுத்துக்கொண்டது இன்சுலேட்டர். அதே சொல் இத்தாலியத்தில் 'இசோலா' ஆகி, பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஐசொலேட்டர் அந்தச் சுற்றுவழியில் வந்தது.

ஆக, பெயரின்படி இந்தச் சுவிட்சின் வேலை தீவாக்குவது. அணைப்பது அல்ல. மின்வாரியக் கம்பி எட்டாத தோப்பு வீட்டில் இந்த வேறுபாடு உயிர் காக்கும். அங்கே மின்சாரம் இரண்டு பக்கமிருந்து வருகிறது: கூரையில் பேனல், கீழே பேட்டரி. சூரியனை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. பேட்டரியையும் அணைக்க முடியாது. இரண்டையும் மற்ற கருவிகளிடமிருந்து விலக்கி வைக்கத்தான் முடியும், அதற்கு ஆளுக்கொரு ஐசொலேட்டர். வெயில் உள்ளவரை பேனல் ஐசொலேட்டரின் பேனல் பக்கக் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

விலக்கும் வரிசையும் முக்கியம். முதலில் விளக்கு, மின்விசிறி, பம்பு, அடுத்து இன்வெர்ட்டர், பிறகு பேனல் ஐசொலேட்டர், கடைசியாகப் பேட்டரி ஐசொலேட்டர். வெயில் நேரத்தில் பேட்டரியை முதலில் விலக்கினால், பேனல் தருவதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் மின்னழுத்தம் எகிறும், கருவி பழுதாகலாம். திரும்ப இணைக்கும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு.

வீட்டு மின்பெட்டியில் இருக்கும் சாதாரண சுவிட்சையே இங்கேயும் மாட்டிவிடுபவர்கள் உண்டு. வீட்டில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். 50 ஹெர்ட்ஸில் அது நொடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) தொடும். சுவிட்சின் முனைகள் விலகும்போது அவற்றுக்கு நடுவே பிறக்கும் நெருப்புப் பாலமான மின்வில் அந்த இடைவெளியில் அணைந்துவிடும். பேட்டரியின் நேர்திசை மின்னோட்டத்துக்குச் சுழியே இல்லை. மின்வில் எரிந்துகொண்டே சுவிட்சை உருக்கும். அதனால் நேர்திசைக்கென்றே செய்த, அந்த வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் தகுந்த ஐசொலேட்டர்தான் வேண்டும்.

ஒருமுறை 48 வோல்ட் பேட்டரித் தொகுப்பைக் கழற்ற வந்த மின்பணியாளர், முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்பானரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். எதற்கு என்று கேட்டேன். "தம்பி, இது ஷாக் அடிப்பதைவிட வெல்டிங் வைப்பதில் கெட்டிக்காரன்" என்றார். ஸ்பானர் இரு முனைகளையும் தொட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தனிமைப்படுத்தி' என்றால் 2020ஆம் ஆண்டின் நோய்க்காலமும் வாசலில் ஒட்டிய அறிவிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆற்றிடைத் தீவுக்கு 'அரங்கம்' என்ற அழகான பழஞ்சொல் உண்டு, திருவரங்கத்தில் இருப்பது அதுதான். ஆனால் 'மின்னரங்கம்' என்று எழுதினால் நாடகம் பார்க்க ஆள் வந்துவிடும். 'துண்டிப்பான்' பரவலாகப் புழங்குகிறது. எனக்கு அதில் இரண்டு குறைகள். கட்டணம் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டிப்பார்கள். அந்தத் தண்டனை வாடை சொல்லில் இருக்கிறது. தவிர, துண்டித்த கை, துண்டித்த கயிறு என்னும்போது ஒரு பக்கம் உயிரற்று விழுந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அந்த நினைப்பில்தான் பேனல் கம்பியைத் தொட்டுவிடுவார்கள்.

'பிரிப்பான்' என் தேர்வு. சண்டையிடும் இருவரைப் பிரித்தால் இருவரும் உயிரோடும் கோபத்தோடும் அங்கேயேதான் நிற்பார்கள். பேனலும் பேட்டரியும் அப்படித்தான். பேட்டரிப் பக்கம் பிரித்து, பேனல் பக்கம் மறந்தால் கிடைப்பது தீவு அல்ல, தீபகற்பம்.

இரண்டையும் பிரித்த பின்னும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சில நிமிடங்கள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தால் எண் மெல்ல இறங்குவது தெரியும். அது சுழிக்கு வரும்வரை அந்த மின்பணியாளர் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.