அந்த ஐந்து நிமிடச் சைரன் என்ன சொல்கிறது?

மெல்பேர்னுக்குக் கிழக்கே, டான்டினாங் மலையடிவாரத்தில் வெயில்காலம் தொடங்கும் முன் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினோம். காட்டுத்தீக்கு முன்கூட்டியே தயாராவது பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. முன்விளக்கம் எதுவும் சொல்லாமல் சைரன் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். வன்னியிலிருந்து வந்தவர். சத்தம் நின்றதும் கேட்டார்: "பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள இறங்கினனாங்கள். இந்தச் சத்தத்துக்கு எங்க தம்பி போறது?"

இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் மிகச் சரியான கேள்வி அதுதான். சைரனுக்குப் பேசத் தெரியாது. அதைக் கேட்டதும் என்ன செய்வது என்பதை, அவரவர் பட்ட அனுபவம்தான் முடிவு செய்கிறது.

ஹவாயின் மவுயி தீவில், 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா ஊர் எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தீவில் சைரன்கள் இருந்தன, ஒன்றையும் ஒலிக்கவிடவில்லை. சைரன் என்றால் அங்குள்ளவர்களுக்குச் சுனாமிதான் நினைவுக்கு வரும், கேட்டதும் மேட்டை நோக்கி ஓடுவார்கள், தீ அந்தப் பக்கம்தான் இருந்தது என்று அப்போதைய அவசரகால அதிகாரி விளக்கம் சொன்னார். அப்படிச் சொன்ன மறுநாளே பதவி விலகினார். அந்தச் சைரன் காட்டுத்தீக்கும் உரியது என்று அரசின் சொந்த வழிகாட்டலே சொல்லியிருந்தது. ஆனால் அது மக்கள் மனதில் பதியவில்லை. தீ வந்த பிறகு அதைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது?

எங்கள் விக்டோரியா மாநிலத்துக்கும் இதில் ஆறாத காயம் உண்டு. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை. 173 உயிர்கள். எச்சரிக்கை வந்து சேராமலே தீயை நேரில் பார்த்தவர்கள் பலர். அதை விசாரித்த ராயல் கமிஷன் எச்சரிக்கை முறைகளைக் கடுமையாகக் குறை கூறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. அப்புறம் சில ஊர்களில் தீயணைப்பு நிலையத்துச் சைரனையே பொதுமக்களை எச்சரிக்கவும் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இங்கேதான் குழப்பம். ஒரே சைரன், இரண்டு அர்த்தம். 90 விநாடி வரை ஒலித்து நின்றால், பக்கத்தில் ஏதோ சம்பவத்துக்குத் தீயணைப்புப் படை கிளம்புகிறது. ஐந்து நிமிடம் விடாமல் ஒலித்தால், உங்கள் பகுதிக்கே ஆபத்து, உடனே தகவல் தேடுங்கள் என்று பொருள். ஓடு என்றோ உள்ளேயே இரு என்றோ அது சொல்லவில்லை. போனைப் பார், ரேடியோவைப் போடு, அவ்வளவுதான்.

கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். சைரன் தொடங்கியதுமே, மாநில அரசின் அவசரகால எச்சரிக்கைகள் வரும் விக்எமர்ஜென்சி செயலியைத் திறந்து பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் நல்லது. பத்து விநாடிதானே போயிற்று. ஆங்கிலம் சிரமம் என்றால் 131 450க்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், விக்எமர்ஜென்சி ஹாட்லைனோடு இணையுங்கள் என்று கேளுங்கள். இந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. ஊரில் சைரன் இருக்கிறது, அடித்தால் கிளம்பலாம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் கவலை. சைரன் வெளியில் நிற்பவர்களுக்கானது. தீ பரவும் நாட்களில் வடக்கிலிருந்து சூடான காற்று வீசும். நாம் ஜன்னலையெல்லாம் அடைத்து ஏசி போட்டு உட்கார்ந்திருப்போம். மலைச்சரிவு சத்தத்தைத் தடுக்கும், எதிர்க்காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோகும். எல்லா ஊரிலும் சைரன் கிடையாது. தீ வேகமாக வந்தால், இருக்கும் ஊரிலும் அதை ஒலிக்கவிட நேரம் இல்லாமல் போகலாம். மலைப்பக்கம் வார இறுதிக்கு வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்கள், அந்த ஊரில் சைரன் உண்டா, வெளியேறும் சாலை ஒன்றா இரண்டா என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா கிளம்பவில்லை. மகனின் போனில் அந்தச் செயலியைத் திறந்து, அவர்கள் வீட்டைச் சுற்றிக் கண்காணிப்பு வட்டம் போட்டுக்கொடுத்தேன்; அதற்குள் ஆபத்து என்றால் போனுக்கு எச்சரிக்கை வரும். "போன் செத்துப்போனால்?" என்றார். 2019-20 காட்டுத்தீயில் மின்சாரம் போய்ப் பல கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, அவர் கேட்டது நியாயம்தான். பேட்டரி ரேடியோ வாங்கி, ஏபிசி 774இல் வைத்து, முள் நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன்.

"சைரனும் அடிக்கேல்லை எண்டால்?"

அதற்கும் பதில் சொன்னேன். அன்றைய தீ அபாய அறிவிப்பு, அதன் உச்ச நிலையான 'கேட்டஸ்ட்ரோஃபிக்' என்று வந்தால், முதல் நாள் இரவே, இல்லாவிட்டால் விடிந்ததுமே மகளின் வீட்டுக்குப் போய்விடுங்கள், சைரனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று. அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? ராத்திரியே."